பின் இருக்கையில் ஒரு பாலம்

அரசு வாகனப் பிரிவில் அவனைத் ‘தொட்டில்’ என்றுதான் கூப்பிட்டார்கள். அவன் ஓட்டும் வண்டியில் ஏறுகிறவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், எவ்வளவு அவசரத்தில் இருந்தாலும், ஒன்றிரண்டு தெரு தாண்டுவதற்குள் பேச்சு குறையும். பிறகு கண் செருகும். கடைசியில் தலை சாய்ந்துவிடும். இறங்க வேண்டிய இடம் வந்ததும், “ஐயா, வந்துட்டோம்” என்று அவன் சொல்வதைக் கேட்டு, எந்த ஊரில் இருக்கிறோம் என்று தெரியாமல் கொஞ்ச நேரம் விழிப்பார்கள்.

அவன் வித்தை எதுவும் செய்யவில்லை. வாலிபத்தில் கண்ணாடித் தொழிற்சாலை ஒன்றில் லாரி ஓட்டியவன். ஆளுயரக் கண்ணாடிப் பலகைகளை நிறுத்திவைத்துக் கட்டி, கீறல் விழாமல் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலை. பிரேக்கைக் கொஞ்சம் அவசரமாக மிதித்தால் போதும், அப்புறம் முதலாளி வாயிலிருந்து வருவதைக் காது கொடுத்துக் கேட்க முடியாது. அந்தப் பயத்திலேயே அவனுடைய கால்கள் பக்குவப்பட்டுவிட்டன. இப்போது பின்னால் இருப்பது கண்ணாடி இல்லை, மனிதர்கள்தான் என்று கால்களுக்கு யாரும் சொல்லவில்லை.

அரசு வேலை கிடைத்த புதிதில் ஓர் அமைச்சருக்கு ஓட்டினான். கால்நடை மருத்துவமனைத் திறப்பு விழாவுக்குப் போன அவர், கன்னத்தில் இருக்கைத் தையலின் தடம் பதிந்த முகத்தோடு இறங்கினார். மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் அந்தக் கன்னம்தான். அதற்குப் பிறகு அமைச்சர்கள் யாரும் அவனைக் கேட்கவில்லை. கோப்புக் கட்டுகள், விமானத்தில் வந்து களைத்த வெளிநாட்டு விருந்தாளிகள், வேலை நடுவே உடம்புக்கு முடியாமல் போன அலுவலர்கள் என்று வேறு விதமான பயணிகள் அமைந்தார்கள். அவனுக்கும் அதுதான் பிடித்திருந்தது. தூங்குகிறவர்களை வைத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போகும்போது, ஊரே தன்னை நம்பிக் கண்ணை மூடிக்கொண்ட மாதிரி இருக்கும்.

அவன் வண்டியில் தூங்காத ஒரே ஆள் அவன் மனைவிதான். கல்யாணத்துக்கு முன்னால், ஆற்றுக்கு அக்கரையில் அவள் வேலை பார்த்த கண் மருத்துவமனைக்கு மூக்குக்கண்ணாடி வில்லைப் பெட்டிகளைக் கொண்டுபோனபோது, மழைக்கு ஒதுங்கி நின்றவளை அவள் வீடுவரை ஏற்றிக்கொண்டு போனான். வழி நெடுக முழித்துக்கொண்டே வந்தாள். ஏன் என்று பின்னாளில் கேட்டதற்கு, “நீங்க ரோட்டப் பாக்கறீங்களா, என்னப் பாக்கறீங்களான்னு நான் பாத்துக்கிட்டு வர வேண்டாமா?” என்றாள்.

கல்யாணமாகி அவள் இக்கரைக்கு வந்தாள். வேலை அக்கரையிலேயே இருந்தது. நடுவில் அகலமான ஆறு. சாலை வழியாகப் போனால் மலையடிவாரம்வரை சுற்ற வேண்டும், பாதி நாள் போய்விடும். அதனால் தினமும் அரசுப் படகு. அவளுக்கோ தண்ணீர் என்றால் உயிரே போய்விடும். படகின் நடுப்பலகையில் உட்கார்ந்து, கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு, கண்ணை மூடிக்கொள்வாள். அக்கரையில் படகு முட்டும் சத்தம் கேட்ட பிறகுதான் திறப்பாள்.

ஆற்றின் நடுவே ஒரு பாலத்தின் தூண்கள் மட்டும் நின்றன. எப்போதோ ஓர் அரசு எழுப்பியது. அடுத்து வந்த அரசு, முந்தையவர்களின் பாலம் என்பதற்காகவே தொடவில்லை. மேலே தளம் இல்லாமல், எதைத் தாங்குவது என்று தெரியாமல் நின்ற அந்தத் தூண்களில் நீர்க்காகங்கள் உட்கார்ந்து இறக்கையை உலர்த்தின. அந்த வருட பட்ஜெட்டில் தளம் போடப் பணம் ஒதுக்கப்போகிறார்கள் என்று செய்தி வந்ததிலிருந்து அவன் மனைவிக்கு வேறு பேச்சே இல்லை. நடைபாதை எந்தப் பக்கம் வரும், விளக்குக் கம்பம் எந்த நிறத்தில் இருக்கும் என்பதுவரை யாரையெல்லாமோ விசாரித்துத் தெரிந்துவைத்திருந்தாள்.

ஆனால் பட்ஜெட் நிறைவேறவில்லை.

சபையில் ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் சரிக்குச் சரி. பாலத்துக்கும் மற்றவற்றுக்கும் பணம் வேண்டும், அதற்கு எரிபொருள் வரியை ஏற்றியே தீர வேண்டும் என்று ஆளுங்கட்சி ஒற்றைக்காலில் நின்றது. ஒரு காசு ஏற்றினாலும் சபையை நடத்த விடமாட்டோம் என்று எதிர்க்கட்சி மல்லுக்கு நின்றது. வாக்கெடுப்பு வைத்தார்கள், இழுபறி. மறுபடி வைத்தார்கள், மறுபடியும் அதே. இந்தக் கூத்தில் நிதியாண்டு முடிந்துபோனது. புது ஆண்டில் செலவு செய்ய யாருக்கும் அதிகாரம் இல்லை என்றாகிவிட்டது.

அந்த நாட்களில் தலைநகரம் பாதித் தூக்கத்தில் நடப்பது போல் இருந்தது. அலுவலகங்களில் ஒரு விளக்கு விட்டு ஒரு விளக்கை அணைத்தார்கள். சம்பளம் வராத குமாஸ்தாக்கள் வழக்கம் தவறாமல் வந்து, தாள் இல்லாத அச்சுப்பொறிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வெயில் மேசைமேல் நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பூங்காவில் புல் முழங்கால்வரை வளர்ந்தது. நின்றுபோன நீரூற்றின் தொட்டியில் பாசி படிந்து, எங்கிருந்தோ வாத்துகள் வந்து குடியேறின. பழுதுபார்க்க ஆளில்லாமல் போக்குவரத்து விளக்குகள் மஞ்சளில் மட்டும் கண்சிமிட்டின. நில் என்றும் சொல்லாமல், போ என்றும் சொல்லாமல். அது மூடுபனிக் காலம் வேறு. காலையில் வெகுநேரம்வரை தெருக்கள் இருக்குமிடம் தெரியாது. எதிரே வருகிறவர் யார் என்று தெரிவதற்குள் அவர் கடந்து போயிருப்பார்.

வீட்டிலும் இழுபறிதான். அவர்களோடு தங்கியிருந்த மைத்துனன், எதிர்க்கட்சிக்காக உயிரையே கொடுப்பேன் என்கிற ரகம். மேல்வீட்டுக்காரர் ஆளுங்கட்சி. இருவரும் மாடிப்படியில் எதிரெதிரே வந்துவிட்டால் யார் ஒதுங்குவது என்ற வழக்கு தீரவே தீராது.

“எங்க தலைவர் ஒரு அங்குலம்கூட இறங்கி வரமாட்டாரு மாமா, எழுதி வெச்சுக்குங்க” என்பான் மைத்துனன், படியின் நடுவே நின்றபடி.

“அவரு இறங்காட்டி போகட்டும் மாப்ள. நீ ரெண்டு படி இறங்கி வா. பாவம், அந்த மனுஷன் கையில காய்கறிப் பையோட நிக்கறாரு.”

மனைவிக்கு எந்தக் கட்சியும் இல்லை. “சம்பளம் லேட்டானா எப்படியாவது சமாளிச்சுக்கலாம். பாலத்துல மட்டும் யாரும் கை வைக்காம இருக்கணும்” என்றாள்.

ஒருநாள் காலையில் வாகனப் பிரிவின் மேலாளர் அவனைத் தனியாகக் கூப்பிட்டார்.

“தொட்டில், உனக்கு வாய் இருக்கா?”

“இருக்குங்க.”

“இனிமே இல்லன்னு வெச்சுக்க.”

நூலகத்தின் பின்வாசலில் ஓர் அம்மா நிற்பார், ஏற்றிக்கொள்ள வேண்டும். அங்கிருந்து பல் மருத்துவர் வீட்டுச் சந்துக்குப் போனால் ஒரு பெரியவர் நிற்பார், அவரையும் ஏற்றிக்கொள்ள வேண்டும். அப்புறம் அவர்கள் சொன்னபடி. இவ்வளவுதான் உத்தரவு. இத்தனை ஓட்டுநர்கள் இருக்கத் தன்னை ஏன் கூப்பிட்டார் என்று அவன் தலையைச் சொறிந்தான்.

“ஆமை மாதிரி போற வண்டிய எந்தப் பத்திரிகைக்காரன் துரத்துவான்? அதான்” என்றார் மேலாளர்.

நூலகப் பின்வாசலில் நின்றவர் நிதி அமைச்சர். தொலைக்காட்சியில் உயரமாகத் தெரிந்தவர், நேரில், தோள்பையின் கனத்தில் ஒரு பக்கம் சாய்ந்த சின்ன உருவமாக இருந்தார். கண்ணுக்குக் கீழே கருவளையம். பல் மருத்துவர் வீட்டுச் சந்தில், கன்னத்தில் கைக்குட்டையை அழுத்திக்கொண்டு வலி வந்தவர் போல் நின்றவர் சாட்சாத் எதிர்க்கட்சித் தலைவர். மைத்துனனின் அறைச் சுவரில் சிரிக்கும் அதே முகம். சிரிப்பு மட்டும் இல்லை.

விஷயம் அவனுக்கு மெல்லப் புரிந்தது. ஒருவர் அலுவலகத்துக்கு மற்றவர் போனால், விலைபோய்விட்டார் என்று சொந்தக் கட்சிக்காரர்களே சட்டையைப் பிடிப்பார்கள். அதனால் யாருடைய இடமும் இல்லாத ஓர் இடம் தேவைப்பட்டிருக்கிறது. அவனுடைய பின் இருக்கை அதற்கு வசதியாகப் போய்விட்டது.

“எங்கங்க போகணும்?”

“எங்கயும் போக வேண்டாம்” என்றார் அமைச்சர். “ஓட்டிக்கிட்டே இருங்க.”

வண்டி நகர்ந்ததும் சண்டை ஆரம்பித்தது.

“எதிர்க்கட்சித் தலைவர் அவர்களே, வரி இல்லாம பணம் எங்கிருந்து வரும்? மரத்துலயா காய்க்குது?”

“மாண்புமிகு அமைச்சர் அவர்களே, லாரி வாடகை ஏறினா உப்புலேர்ந்து சோப்பு வரைக்கும் ஏறும். அப்புறம் ஜனங்க உங்க பாலத்துல நின்னு காத்து வாங்கிக்கிட்டு பசியாறுவாங்களா?”

வண்டிக்குள்ளும் சபைதான் நடந்தது. மேசையைத் தட்ட வழியில்லாததால் பெரியவர் கைத்தடியால் காலடியில் தட்டினார். தொட்டில் நகரத்தை விட்டு நீர்த்தேக்கத்தைச் சுற்றிப் போகும் சாலைக்கு வண்டியைத் திருப்பினான். அங்கே ஆள் நடமாட்டம் இருக்காது. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் மரங்கள். இரண்டும் பனிக்குள் கரைந்து கிடந்ததால் சாலை மட்டும் மிதப்பது போல் இருந்தது.

“நீங்க போன தடவ ஆட்சியில இருந்தப்ப...” என்று அமைச்சர் தொடங்கினார். வாக்கியம் முடியவில்லை. தொட்டில் கண்ணாடியில் பார்த்தான். அவர் நெற்றி சன்னலில் சாய்ந்திருந்தது. எதிராளி ஓய்ந்த மகிழ்ச்சியில் பதில் சொல்ல வாயைத் திறந்தார் பெரியவர். திறந்த வாயிலிருந்து குறட்டைதான் வந்தது.

என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. நிறுத்தினால் விழித்துவிடுவார்கள். இறங்கும் இடம் என்று எதையும் சொல்லவும் இல்லை. ஓட்டிக்கொண்டே இருந்தான். பின்னாலிருந்து இரண்டு மூச்சுகள் கேட்டன. முதலில் ஒன்று போகும்போது மற்றது வந்தது; சிறிது தூரம் போனதும் இரண்டும் சேர்ந்தே போய்ச் சேர்ந்தே வந்தன. நாட்டின் இரண்டு பாதிகளும் தன் முதுகுக்குப் பின்னால் தூங்குகின்றன என்று நினைத்தபோது அவனுக்கு உடம்பு லேசாகிவிட்டது. பனிக்குள்ளிருந்து மரங்கள் ஒவ்வொன்றாக வந்து பார்த்துவிட்டுப் போயின. இது நிஜமாகத்தான் நடக்கிறதா, தானும் எங்கேயோ படுத்துத் தூங்கிக்கொண்டிருக்கிறோமா என்று ஒருமுறை தொடையைக் கிள்ளிப் பார்த்துக்கொண்டான்.

நீர்த்தேக்கத்தின் மறுமுனையில், மதகில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டுப் பெரியவர் விழித்தார்.

“எங்க இருக்கோம்?”

“தெரியலண்ணே” என்றார் அமைச்சர், கண்ணைத் திறக்காமலே. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பெரியவர் கேட்காதது போல் வெளியே பார்த்தார். பிறகு, “நீயும் சரியாத் தூங்கறதில்லையாம்மா?” என்றார்.

“எங்க தூங்கறது?”

“எனக்கும் அதே கதைதான். கண்ண மூடினா நம்மாளுங்க கத்தறதுதான் கேக்குது.”

தூங்கி எழுந்தவர்களின் குரலில் எலும்பு இருக்காது. அந்தக் குரலில் இருவரும் கொஞ்ச நேரம் பேசினார்கள். வரியைப் பாதி மட்டும் ஏற்றினால் என்ன என்று பெரியவரே கேட்டுவிட்டு, அதைச் சொன்னது யார் என்று பார்ப்பவர் போல் பக்கத்தில் திரும்பிப் பார்த்தார். நாளைக்கும் பல் வலிக்கும் என்று சொல்லிவிட்டு அதே சந்தில் இறங்கிக்கொண்டார்.

அப்படியே தொடர்ந்தது. காலையில் சண்டை, பிறகு தூக்கம், பிறகு விழிப்பு. சண்டையின்போது இருவரும் நூலளவும் இறங்கி வந்ததில்லை. விழித்த கையோடு யாராவது ஒருவர் எதையாவது விட்டுக்கொடுப்பார். ஒருநாள் அமைச்சரின் தலை சரிந்து பெரியவரின் தோளில் விழுந்துவிட்டது. பெரியவர் அன்றைக்குத் தூங்கவில்லை. அசைந்தால் அந்தம்மா எழுந்துவிடுவாரோ என்று, கை மரத்துப்போகும்வரை கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தார். மைத்துனன் மட்டும் அதைப் பார்த்திருந்தால் நெஞ்சு வெடித்திருக்கும். அன்று மாலை வீட்டில் அவன், “எங்க தலைவர் அந்தம்மா மூஞ்சியிலயே முழிக்கமாட்டாரு மாமா” என்று சொன்னபோது, தொட்டில் தண்ணீர் குடிக்கிற சாக்கில் உள்ளே போய்விட்டான்.

பிறகு ஒரு காலை. பனி வழக்கத்தைவிட அடர்த்தி. இருவரும் தூங்கி விழித்திருந்தார்கள்.

“வரி பாதின்னா வர்ற பணமும் பாதிதாண்ணே. பெருசா ஏதாவது ஒண்ண எடுத்தாகணும்” என்றார் அமைச்சர். “சின்ன ஊர்ங்கள்ல இருக்கற ஆஸ்பத்திரிங்கள...”

“அதுல கை வெச்சா நான் இங்கயே இறங்கி நடந்துடுவேன்.”

“பள்ளிக்கூடக் கட்டடத்துல நான் கை வைக்க விடமாட்டேன்.”

“தெரியும்.”

பெரியவர் கைத்தடியைக் கைமாற்றிப் பிடித்துக்கொண்டார்.

“பாலம்” என்றார் பெரியவர். “அது எனக்கும் வேணும். அக்கரையில பாதி என் தொகுதி. ஆனா வேற வழி தெரியலம்மா.”

“அந்தப் பாலத்துக்காகத்தான் நான் இந்தத் துறையையே கேட்டு வாங்கினேன்” என்றார் அமைச்சர். பிறகு, “சரி” என்றார். இருவருக்கும் வேண்டியிருந்த ஒன்றை இருவருமாகச் சேர்ந்து கைகழுவினார்கள்.

வண்டி குலுங்கியது. இத்தனை நாளில் முதல்முறை.

“என்னப்பா, குழியா?” என்றார் பெரியவர்.

“ஆமாங்க. குழிதான்.”

சாலை கண்ணாடி மாதிரி கிடந்தது. அமைச்சர் முன்னால் குனிந்தார்.

“டிரைவர், உங்களுக்கு வீடு எங்க?”

“ஆத்தோரம்தாங்க. வீட்டுக்காரிக்கு அக்கரையில வேல. படகுல போய்ட்டு வர்றா.”

நகர எல்லையின் மஞ்சள் விளக்கு ஒன்று பனிக்குள் மங்கி மங்கி எரிந்தது.

“உண்மையச் சொல்லுங்க” என்றார் அமைச்சர். “இந்த வருஷம் பாலம் இல்லன்னா நீங்க என்ன நெனப்பீங்க?”

வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. படகின் நடுப்பலகையும் மனைவியின் மூடிய கண்களும் தெரிந்தன. கூடவே, சாப்பாட்டு நேரத்தில் போன் வந்தது போல் பாவனை செய்துகொண்டு தனியே போய் நிற்கும் சக ஓட்டுநரின் முகமும் தெரிந்தது. சம்பளம் வராததிலிருந்து அந்த ஆள் டப்பா கொண்டுவருவதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, வண்டியில் ஏறியவர்களுக்கு எதிர்த்து ஒரு சொல் சொல்லிப் பழகாத வாய் அவனுடையது.

“சம்பளம் வந்தா போதும்ங்க” என்றான்.

அமைச்சர் பாரம் இறங்கியவர் போல் பின்னால் சாய்ந்தார். “பாத்தியாம்மா, ஜனங்களுக்கு அதுதான் முக்கியம்” என்றார் பெரியவர். தன்னொருவனைப் பிடித்து ஜனங்கள் என்று சொன்னது அவனுக்குக் கூச்சமாக இருந்தது.

பட்ஜெட் நிறைவேறியது. அலுவலகங்களில் எல்லா விளக்குகளும் எரிந்தன. நீரூற்றைத் திறந்துவிட்டதும் வாத்துகள் கோபித்துக்கொண்டு போயின. சிவப்பும் பச்சையும் திரும்பி வந்தன. வண்டிகள் மறுபடி முட்டிக்கொண்டு நின்றன. மைத்துனன் தன் தலைவர் வரியைப் பாதியாக வெட்டிச் சாய்த்துவிட்டார் என்றான். மேல்வீட்டுக்காரர் தன் கட்சி வரியை ஏற்றிக் காட்டிவிட்டது என்றார். இருவருக்கும் வெற்றி என்பதால் மாடிப்படியில் சிறிது காலம் நெரிசல் இல்லை. சபையில் மட்டும் அந்த இருவரையும் அவரவர் கட்சிக்காரர்களே துரோகி என்று ஏசியதாகச் செய்தி வந்தது.

பாலம் பிற்பாடு பரிசீலிக்கப்படும் என்று வானொலி சொன்னபோது அவன் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். கையிலிருந்த சட்டையை மடித்து முடித்தாள். “ம்” என்றாள். அவ்வளவுதான்.

அந்த ‘ம்’ அவனை அரித்தது. வாய் இல்லை என்று வைத்துக்கொள்ளச் சொன்ன மேலாளரைவிட அது பெரிதாக இருந்தது. விடுமுறை நாளில் அவளோடு அவனும் படகில் ஏறினான். ஆறு முழுக்கப் பனி. கரை மறைந்ததும் படகு நகர்கிறதா நிற்கிறதா என்றே தெரியவில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மூடிய அந்த முகத்தைப் பார்த்து அவன் எல்லாவற்றையும் சொன்னான். பல்வலி, குறட்டை, குழி இல்லாத இடத்தில் விழுந்த குழி, கடைசியில் தான் சொன்ன அந்த ஒற்றை வார்த்தை.

அவள் கண்ணைத் திறந்தாள்.

“என்ன சொன்னீங்க?”

“சம்பளம் வந்தா போதும்னு...”

“யாருக்குப் போதும்?”

அவன் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

“இந்தப் படகுல தினமும் உயிரக் கையில பிடிச்சுக்கிட்டுப் போறது யாரு, நீங்களா? உங்களோடத எதையாவது விட்டுக்கொடுத்துட்டு வந்திருந்தா, போனாப் போகுதுன்னு விட்டிருப்பேன். என்னோடத விட்டுக்கொடுக்க நீங்க யாருங்க? ஒரு வார்த்த என்னக் கேட்டீங்களா?”

படகில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பனிக்குள்ளிருந்து ஒரு தூண், உச்சியில் நீர்க்காகத்தோடு, மெல்ல வந்து கைக்கெட்டும் தூரத்தில் கடந்து, மறுபடி பனிக்குள் போனது. சுற்றிலும் தண்ணீர். கோபத்தில் அவள் அதைக் கவனிக்கவே இல்லை.

அதற்குப் பிறகு வீட்டில் பேச்சு நின்றது. பேச வேண்டியதெல்லாம் மைத்துனன் வழியாகத்தான்.

“மாமா, உப்பு தீந்துபோச்சுன்னு அக்கா சொல்லச் சொல்றா.”

“வாங்கிட்டு வரேன்னு சொல்லு.”

“அக்கா, வாங்கிட்டு வராராம்.”

“கல்லுப்பா, தூளுப்பான்னு கேட்டுட்டுப் போகச் சொல்லு.”

சமையலறைக்கும் கூடத்துக்கும் நடந்து நடந்து மைத்துனனுக்குக் கால் ஓய்ந்தது. “ரெண்டு பேரும் உக்காந்து பேசித் தீத்துக்கக் கூடாதா? நானும் மனுஷன்தானே!” என்று கடைசியில் கத்திவிட்டான். எந்தப் பேச்சுக்கும் இறங்கி வராதவர்களைத்தான் அவன் இத்தனை காலமும் மெச்சிக்கொண்டிருந்தான் என்று தொட்டிலுக்குத் தோன்றியது, சொல்லவில்லை.

பல நாள் கழித்து அவளே வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

“நீங்க சொன்ன வார்த்தைய நீங்களே போய்த் திருப்பி வாங்கிட்டு வாங்க. பாலம் வருதோ வரலயோ, அது வேற. எனக்குப் போதாதுன்னு அவங்களுக்குத் தெரியணும்.”

அமைச்சர் அப்போதும் அவ்வப்போது அவன் வண்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டுதான் இருந்தார். கூட்டம் முடிந்து களைப்பாக இருந்தால், நீர்த்தேக்கம்வரை போய்த் திரும்பச் சொல்வார். அடுத்த முறை வந்தபோது, வழக்கம்போல் நகரம் தாண்டுவதற்குள் கண்ணயர்ந்தார். தொட்டில் இதுவரை செய்யாத ஒன்றைச் செய்தான். மரங்களுக்கு நடுவே வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினான். அமைச்சர் விழித்தார்.

“வந்துட்டோமா?”

“இல்லீங்க. நான்தான் நிறுத்தினேன்.” திரும்பிப் பார்க்கப் பயந்து கண்ணாடியைப் பார்த்தே பேசினான். “அன்னிக்கு நீங்க கேட்டப்ப, சம்பளம் வந்தா போதும்னு சொன்னேன். என் வீட்டுக்காரியக் கேக்காமச் சொல்லிட்டேங்க. அவளுக்குப் போதாதாம். தண்ணியப் பாத்தா அவளுக்கு உயிர் போகுது. கால் தரையில படணும், அவ்வளவுதான் கேக்கறா.”

ஓர் இலை முன் கண்ணாடியில் விழுந்து ஒட்டிக்கொண்டது. அமைச்சர் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நானும் யாரையும் கேக்காமத்தான் சொன்னேன்” என்றார். பிறகு, “போகலாம்” என்றார். அன்று திரும்பும் வழியில் அவர் தூங்கவில்லை.

வீட்டுக்கு வந்து, “சொல்லிட்டேன்” என்றான்.

“என்ன சொன்னாங்க?”

“அவங்களும் யாரையும் கேக்கலயாம்.”

அவள் கொஞ்சம் யோசித்தாள். “சாப்பிட வாங்க” என்றாள், நேரடியாக அவனிடமே. கூடத்திலிருந்து மைத்துனன் பெருமூச்சு விடுவது கேட்டது.

அடுத்த பட்ஜெட்டும் முட்டிக்கொண்டு நின்றது. முன்னைப்போல் அவ்வளவு நாள் இழுக்கவில்லை. தூண்களின்மேல் நடப்பவர்களுக்கும் சைக்கிள்களுக்கும் மட்டுமான குறுகலான தளம் போடுவது என்று முடிவானது. பாதிப் பாலம் என்று ஆளுங்கட்சிக்குள் முணுமுணுத்தார்கள். அதுவே அதிகம் என்றது எதிர்க்கட்சி. தொட்டில் பேசியதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று அவனுக்குத் தெரியாது. பொறியாளர்கள் அப்படி ஒரு திட்டத்தை ஏற்கெனவே வைத்திருந்ததாகவும் சொன்னார்கள். பாலம் முடிவதற்குள் ஒரு தேர்தல் வந்து ஆட்சி மாறியது. அதனால் இக்கரையில் ஒரு கட்சியின் கல்வெட்டு, அக்கரையில் இன்னொன்று.

திறந்த முதல் நாள், பனி விலகிக்கொண்டிருந்த காலையில், மைத்துனன் தன் தலைவரின் கல்வெட்டோடு படம் எடுத்துக்கொள்ள ஓடினான். தொட்டிலின் மனைவி எதையும் படிக்க நிற்கவில்லை. அவளுக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. பாதித் தூரம் அவனும் கூடவே நடந்தான். நடுவில் ஓரிடத்தில் நின்று, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, அவள் கீழே எட்டிப் பார்த்தாள்.

“சாயங்காலம் லேட்டாகும். அரிசி ஊற வெச்சிருக்கேன், மறந்துடாதீங்க” என்றாள். பிறகு போய்விட்டாள்.

மற்றவர்களின் தலைகளோடு அவள் தலையும் கலந்து மறையும்வரை அவன் பார்த்துக்கொண்டு நின்றான். பின்னால் ஒரு சைக்கிள் மணி அடித்தது. வழியை மறித்துக்கொண்டு நிற்கிறோம் என்று தெரிந்து, கைப்பிடிச் சுவரோடு ஒட்டி ஒதுங்கிக்கொண்டான்.